கீபோர்டைத் தட்டினால் சத்தம் வரவில்லையா? எதையும் அழிக்காதீர்கள்

கணினியில் மிடி கீபோர்டைச் செருகி, இசைப்பதிவு மென்பொருளைத் திறந்து, டிராக்கில் ஒரு பிளகினை, அதாவது வாத்திய ஒலி தருகிற துணை நிரலைப் போட்டு, ஆசையாக விரலை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து இசை செய்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இது வரும். வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, பிளகினை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்வது. அதிலும் சரியாகவில்லை என்றால் மென்பொருளையே அழிப்பது. அதற்கும் மேலே போய் விண்டோஸையே புதிதாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நான் இப்படி அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மென்பொருளை அழிக்கும்போது நிரல்தான் போகும், உங்கள் செட்டிங்ஸ் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். எந்த செட்டிங் தப்பாக இருந்ததோ, அதே செட்டிங்கோடு மென்பொருள் திரும்பி வரும். இடையில் 40, 50 ஜிபி சாம்பிள் லைப்ரரியை (வாத்தியங்களைப் பதிவு செய்த ஒலித் தொகுப்பை) மறுபடி இறக்க வேண்டும், சில பிளகின்களுக்கு ஆக்டிவேஷனில் ஒன்று குறைந்துவிடும், பாதி நாள் போய்விடும். அதிர்ஷ்டத்தில் சத்தம் வந்துவிட்டாலும் எது சரியாயிற்று என்று தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உண்மையிலேயே சின்ன வேலை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிடி கேபிளில் ஓடுவது ஒலி இல்லை. எந்த கீ, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்கிற செய்தி மட்டும்தான் ஓடுகிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நேம் என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் பிராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் பேசும் என்று காட்டினார்கள். அன்றைய செய்தி வடிவம்தான் இன்றைக்கும் யூஎஸ்பி வழியாக உங்கள் லேப்டாப்புக்குள் வந்துகொண்டிருக்கிறது. அந்தச் செய்தியை வாங்கி ஒலியாக மாற்றுவது பிளகின். ஆக, உங்கள் விரலிலிருந்து ஸ்பீக்கர் வரை போகிற வழி இரண்டு பாதி. பிளகினுக்கு முன்னால் இருப்பது செய்திப் பாதி: கீபோர்டு, கேபிள், டிரைவர், மிடி போர்ட், டிராக்கின் உள்ளீடு. பின்னால் இருப்பது ஒலிப் பாதி: டிராக்கின் வெளியீடு, எல்லா டிராக்கும் சேருகிற மாஸ்டர், ஒலியைக் கணினியிலிருந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மேல்தொட்டியை எட்டிப் பார்ப்போமே தவிர, எடுத்த எடுப்பில் சுவரைப் பெயர்க்க மாட்டோம். இங்கேயும் அதே பழக்கம்தான் வேண்டும்.

அதனால் முதல் சோதனை இதுதான். பிளகினைத் திறந்து, அதன் ஜன்னலின் அடியில் வரைந்திருக்கும் கீபோர்டை மவுஸால் சொடுக்குங்கள். சத்தம் வந்தால் ஒலிப் பாதி முழுக்க நன்றாக இருக்கிறது, இன்டர்ஃபேஸையோ ஸ்பீக்கரையோ தொடவே வேண்டாம், கோளாறு செய்திப் பாதியில். சத்தம் வரவில்லை என்றால் கீபோர்டையும் கேபிளையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரே சொடுக்கில் சந்தேகப்பட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. படத்தில் கீபோர்டே இல்லாத பிளகின் என்றால் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள், மெய்நிகர் கீபோர்டு ஒன்று வரும். மற்ற மென்பொருள்களிலும் இதற்கு இணையாக ஏதாவது இருக்கும்.

கும்பகோணம் பக்கம் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற ஒரு தம்பி, வீட்டிலேயே பக்திப் பாடல் பதிவு செய்ய லேப்டாப்பில் எல்லாம் போட்டுவிட்டு ராத்திரி கூப்பிட்டான். “அண்ணே, எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுட்டேன், அப்பவும் வரல.” சரி, டிராக்கில் மீட்டர் அசைகிறதா என்று கேட்டேன். “அது ஏன்ணே அசையணும், சத்தமே வரலியே” என்றான். ரீப்பரில் ரெக்கார்ட் ஆர்ம் செய்த, அதாவது பதிவுக்குத் தயாராக்கிய டிராக்கின் மீட்டர் மிடி செய்தி வந்தாலே துடிக்கும், ஒலி வர வேண்டும் என்பதில்லை. அவனுக்குத் துடிக்கவில்லை. ஆகவே செய்தி டிராக் வரைக்கும் வரவில்லை.

அடுத்து, மென்பொருளை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்று ஒரு பழைய இலவசக் கருவி இருக்கிறது. மேக்கில் மிடி மானிட்டர். வருகிற மிடி செய்தியை வரிசையாகக் காட்டும், அதுதான் அதன் அருமை. அதில் 5 கட்டையை, அதாவது ஜி-யை, ஒரு தட்டுத் தட்டினால் 90 43 64 என்று ஒரு வரி ஓடும். இவை 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள். 90-ல் இருக்கும் 9 ‘நோட் ஆன்’, அதன் பின்னால் இருக்கும் 0 முதல் சேனல். 43 என்பது நம் எண்ணில் 67, அதுதான் அந்த ஜி. 64 என்பது 100, எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்கிற வெலாசிட்டி. விரலை எடுத்ததும் 80-ல் தொடங்கும் ஒரு வரியோ, அல்லது 90 43 00 என்றோ வரும். வெலாசிட்டி சைபராக வரும் நோட் ஆனும் நோட் ஆஃப்தான், பல கீபோர்டுகள் அப்படித்தான் அனுப்பும், பயப்பட வேண்டாம்.

இந்தக் கருவியிலும் ஒன்றும் ஓடவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பவர் மட்டும் கடத்துகிற கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும். கீபோர்டில் விளக்கு எரிவதால் இணைப்பு இருக்கிறது என்று நம்பிவிடுவோம், டேட்டா கம்பியே அதில் இருக்காது. யூஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். டிரைவர் தேவையா என்பது கீபோர்டைப் பொறுத்தது: ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ வகை செருகினால் போதும், மற்றவற்றுக்கு அந்த நிறுவனத்தின் யூஎஸ்பி மிடி டிரைவரை இறக்கிப் போட வேண்டும். தாளமும் பின்னணியும் தானே வாசிக்கிற பெரிய அரேஞ்சர் கீபோர்டுகளில் இரண்டாவது வகை அதிகம்.

தம்பியின் கதையில் வேறு விஷயம். மிடி-ஆக்ஸில் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் திறக்க முடியவில்லை, யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. ரீப்பரை மூடிவிட்டுத்தான் இதைச் செய்தான், அதனால் போர்ட்டைப் பிடித்துவைத்திருப்பது வேறு யாரோ. விண்டோஸின் பழைய மிடி முறையில் சாதாரண டிரைவர் என்றால் ஒரு போர்ட்டை ஒரு நிரல்தான் திறக்க முடியும். முதலில் வந்தவருக்கே இடம். மேக்கில் இந்தச் சிக்கல் கிடையாது, எத்தனை நிரல் வேண்டுமானாலும் ஒரே கீபோர்டைக் கேட்கலாம். விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கியிருக்கும் புதிய மிடி அமைப்பிலும் அப்படித்தான், ஆனால் நம்மில் பலரிடம் ஓடுவது இன்னும் பழைய முறைதான். பிரவுசரில் என்ன திறந்திருக்கிறது என்று கேட்டேன். பியானோ பழகுகிற தளம் ஒன்று ஒரு டேபில் திறந்து கிடந்தது, மிடி கீபோர்டைப் பயன்படுத்தலாமா என்று அது கேட்டபோது இவன் சரி சொல்லியிருக்கிறான். அந்த டேபை மூடி, ரீப்பரைத் திரும்பத் திறந்ததும் மீட்டர் துடித்தது. உண்மையில் ரீப்பர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சில மிடி கருவிகளைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை யாருமே படிப்பதில்லை, ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம். படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் போனில் படம் பிடித்து யாரிடமாவது கேளுங்கள், பாதி நேரம் விடை அதிலேயே எழுதியிருக்கும்.

மீட்டர் துடித்தது, ஆனால் சத்தம் இன்னும் வரவில்லை. பிளகினின் கீபோர்டை மவுஸால் சொடுக்கினால் வயலின் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்: செய்தி டிராக் வரை வந்துவிட்டது, ஒலி பிளகினிலிருந்து வெளியே போகிறது, நடுவில் ஒரு வாசல்தான் பாக்கி, அது மிடி சேனல். மிடியில் 16 சேனல் உண்டு. சாம்பிள்களை வாசிக்கும் பிளகினான ஒரே சாம்ப்ளருக்குள் இரண்டு வாத்தியம் ஏற்றினால் முதலாவது 1-ம் சேனலுக்கும் அடுத்தது 2-ம் சேனலுக்கும் போய் உட்காரும். தம்பி முதலில் ஒரு புல்லாங்குழலை ஏற்றியிருக்கிறான், பிடிக்கவில்லை, அப்புறம் வயலினை ஏற்றிவிட்டுக் குழலை நீக்கியிருக்கிறான். வயலின் 2-ம் சேனலிலேயே காத்துக்கொண்டிருக்கிறது, கீபோர்டு 1-ல் பேசிக்கொண்டிருக்கிறது. மிடி-ஆக்ஸில் 90 என்று தொடங்கினால் 1-ம் சேனல், 91 என்றால் 2-ம் சேனல். சாம்ப்ளரில் சேனலை ‘ஆம்னி’, அதாவது எல்லாச் சேனலும், என்று வைத்ததும் வயலின் பாடியது. அழித்துப் போட்டது எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் அந்தச் சேனல் எண் அவன் பிராஜெக்ட் கோப்புக்குள் பத்திரமாக இருந்தது.

ரீப்பரில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. டிராக்கை ஆர்ம் செய்தால் மட்டும் போதாது. புது டிராக்கின் உள்ளீடு இயல்பாக மைக் நுழைகிற ஆடியோ உள்ளீடாக இருக்கும், அதை மிடிக்கு மாற்ற வேண்டும், எல்லாக் கருவியும் எல்லாச் சேனலும் என்று வைப்பது நல்லது. அப்புறம் வாசிப்பதை அப்போதே கேட்க வைக்கும் மானிட்டரிங் பொத்தான் ஆனில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் நிசப்தம். டிராக் மெனுவில் மெய்நிகர் வாத்தியத்தைப் புது டிராக்கில் சேர்க்கிற கட்டளை ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் மூன்றையும் அதுவே செய்துவிடும். கீபோர்டே பட்டியலில் இல்லை என்றால் பிரிஃபரன்சஸுக்குள் மிடி கருவிகளைக் காட்டும் பக்கத்தில் அது முடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எல் ஸ்டுடியோவிலும் அப்படித்தான், மிடி செட்டிங்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து எனேபிள் விளக்கைப் போட வேண்டும்.

சேனலும் சரி, மீட்டரும் சரி, ஆனாலும் குறிப்பிட்ட வாத்தியம் மட்டும் ஊமை என்றால், நீங்கள் வாசிக்கிற இடத்தில் அந்த வாத்தியத்துக்கு சாம்பிளே இல்லாமல் இருக்கலாம். 2 ஆக்டேவ் கீபோர்டில் ஆக்டேவ் பொத்தானைத் தெரியாமல் தட்டிவிட்டிருந்தால் இது சகஜம். ஆக்டேவ் பெயர்களிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. மிடியில் 60-வது நோட்டுதான் நடு சி. யமஹா அதை சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ திரையில் சி5 என்று காட்டும். மற்ற இசைப்பதிவு மென்பொருள்களில் ரீப்பர் சி4, கியூபேஸும் ஏபிள்டன் லைவும் சி3. ஒரு ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியின் கையேட்டில் ஸ்டக்காட்டோவுக்கு (நறுக்கி வாசிக்கும் முறைக்கு) மாற சி0-வை அழுத்துங்கள் என்று எழுதியிருந்தால் அது யாருடைய சி0 என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோட் எண்ணைப் பார்ப்பதுதான் உறுதியான வழி, 60 எல்லா ஊரிலும் 60-தான்.

வாசிக்க வாசிக்கத் திடீரென்று ஒலி அடங்கிப் போவதும் உண்டு. அரேஞ்சர் கீபோர்டில் டோன் மாற்றும் பொத்தானை அழுத்தினால் அது சத்தமில்லாமல் புரோகிராம் சேஞ்ச், வால்யூம் எனப் பல செய்திகளை அனுப்பும். கன்ட்ரோலர் 7 வால்யூம், 11 எக்ஸ்பிரஷன். இவற்றில் ஒன்று சைபராக வந்துவிட்டால் பிளகின் கீழ்ப்படிந்து ஊமையாகிவிடும், திரையில் ஃபேடர் எல்லாம் மேலே இருப்பதுபோலத் தெரியும். மிடி-ஆக்ஸை ஓடவிட்டு டோன் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கீபோர்டு எவ்வளவு பேசுகிறது என்று தெரியும். கூடவே, தட்டும் வேகத்தை உணரும் டச் வசதியை ஆஃப் செய்த கீபோர்டு எல்லா நோட்டையும் ஒரே வெலாசிட்டியில் அனுப்பும். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் பியானோ ஒரே மாதிரி அடிக்கிறதே என்று லைப்ரரியைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு நோட்டும் இரண்டாகக் கேட்கிறது, கொஞ்சம் குகைக்குள் வாசித்தாற்போல இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் லோக்கல் கன்ட்ரோல். கீபோர்டு தன் சொந்த ஒலியையும் எழுப்பும், அதே செய்தி கணினிக்குப் போய்த் திரும்பக் கீபோர்டுக்கே வந்து இன்னொரு முறையும் எழுப்பும். கீபோர்டின் மெனுவில் லோக்கலை ஆஃப் செய்தால் தீர்ந்தது. கச்சேரிக்குப் போவதற்கு முன் திரும்ப ஆன் செய்ய மறந்துவிடாதீர்கள், மேடையில் கீபோர்டு ஊமையாக நிற்கும். ஒரே கீயில் இரண்டு டோன் பேசுகிற டூயல் டோன் போட்டிருந்தாலும் இரட்டை நோட்டு வரும், அப்போது கீபோர்டு இரண்டு சேனல்களில் ஒரே நோட்டை அனுப்பிக்கொண்டிருக்கும், ஆம்னியில் இருக்கிற பிளகின் இரண்டையும் வாசிக்கும். நோட் ஒன்று நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால், சஸ்டெயின் பெடலை ஒருமுறை மிதித்து விடுங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தால், கீபோர்டை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில்தான் பெடலின் திசையைக் கண்டுகொள்ளும்.

சரி, இனி பிளகினே பட்டியலில் வராத சிக்கல். இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று பச்சை டிக் போட்டுச் சொல்கிறது, மென்பொருளில் தேடினால் காணோம். பிளகின்களின் பொது வடிவமான வி.எஸ்.டி-யை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்தது, வி.எஸ்.டி3 2008-ல் வந்தது. வி.எஸ்.டி3-க்கு இடம் நிலையானது: விண்டோஸில் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி3. எந்த மென்பொருளும் அங்கே போய்ப் பார்க்கும். பழைய வி.எஸ்.டி2-க்கு அப்படி ஒரே இடம் கிடையாது, ஒவ்வொரு இன்ஸ்டாலரும் ஒவ்வொரு ஃபோல்டரில் போடும், நீங்கள்தான் அந்த ஃபோல்டரை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். புதிய நிறுவனங்களுக்கு வி.எஸ்.டி2 உரிமம் தருவதை ஸ்டைன்பெர்க் 2018-லேயே நிறுத்திவிட்டது, ஆகவே இரண்டும் கிடைக்கிற இடத்தில் வி.எஸ்.டி3-ஐயே போடுங்கள். பழைய பிராஜெக்டில் வி.எஸ்.டி2 இருந்தால் மட்டும் அதை நீக்கிவிடாதீர்கள், பல மென்பொருள்கள் இரண்டையும் வேறுவேறு பிளகினாகத்தான் பார்க்கும், பிராஜெக்டைத் திறந்தால் பிளகின் காணவில்லை என்று சொல்லும்.

பழைய வகைக் கணினி முறைக்கு எழுதிய 32 பிட் பிளகின்கள் இன்னொரு பெரிய தலைவலி. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்ட இலவச சிந்த்களில் (மின்னணு ஒலியை உருவாக்கும் பிளகின்களில்) பல 32 பிட். கியூபேஸ் 2016-ல் 9-ம் பதிப்போடு அவற்றைக் கைவிட்டது, ஏபிள்டன் லைவ் 2018-ல் 10-ம் பதிப்போடு, மேக் 2019-ல் கேடலினாவோடு மொத்தமாகவே. விண்டோஸ் ரீப்பர் இன்னும் ஒரு பாலம் வைத்து ஓட்டும், ஆனால் அதை நம்பிப் புது வேலை தொடங்காதீர்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் மேக்குகளில் இன்டெலுக்காக எழுதிய பிளகினா, புதியதா என்பதும் சேர்ந்துகொள்கிறது; ஏபிள்டன் லைவ் இயல்பான முறையில் ஓடும்போது இன்டெல் பிளகின்களை எடுத்துக்கொள்ளாது, இன்டெல் நிரல்களை ஓட்ட ஆப்பிள் தரும் ரொசெட்டாவில் திறந்தால் எடுத்துக்கொள்ளும்.

இடமும் சரி, பிட்டும் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் மென்பொருள் பிளகின்களைத் தேடிக் குறித்துவைக்கிற ஸ்கேன் நினைவைப் பாருங்கள். முதல் முறை ஸ்கேன் செய்யும்போது ஏதோ காரணத்தால் பிளகின் தடுக்கி விழுந்திருந்தால் மென்பொருள் அதைக் கெட்டது என்று குறித்துவைத்துவிடும், காரணம் நீங்கிய பிறகும் திரும்ப எட்டிப் பார்க்காது. ரீப்பரில் பிளகின் பிரிஃபரன்சஸில் வி.எஸ்.டி பக்கத்துக்குப் போய் பழைய பட்டியலை அழித்து முழுதாக மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கியூபேஸில் பிளாக்லிஸ்ட், லாஜிக்கில் பிளகின் மேனேஜருக்குள் ரீசெட் அண்ட் ரீஸ்கேன். ஏன் தடுக்கி விழுந்தது என்றால், விண்டோஸில் விஷுவல் சி++ ரன்டைம் இல்லாமல் இருப்பது அடிக்கடி பார்க்கும் காரணம், மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இன்னொன்று, ஆக்டிவேஷன் கேட்கும் ஜன்னல் ஸ்கேன் நேரத்தில் மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பது.

திருட்டுப் பிளகின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களின் லேப்டாப்பில் விளக்கமே சொல்ல முடியாத கோளாறு இருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். கிராக் செய்த பிளகினில் என்ன மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆன்டிவைரஸை வேறு அணைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிற லேப்டாப்பை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்த் முழுக்க இலவசம், திறந்த மூலம். வைட்டல் என்ற சிந்த்திலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. டீசென்ட் சாம்ப்ளரும் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். கான்டாக்ட் என்ற சாம்ப்ளரின் பிளேயர் பதிப்பு இலவசம்தான், ஆனால் முழு கான்டாக்ட் கேட்கிற லைப்ரரியை அதில் ஏற்றினால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். அதுவும் கோளாறு இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். லைப்ரரி வாங்கும்போதே எது வேண்டும் என்று படித்துப் பாருங்கள்.

தாமதம். கீயைத் தட்டிக் கொஞ்சம் கழித்து ஒலி வருவது. இதில் மிடியைக் குறை சொல்வது நியாயமில்லை: பழைய 5 முள் கேபிளில் வினாடிக்கு 31,250 பிட் ஓடும், ஒரு நோட்டுச் செய்தி கடக்க 1 மில்லிசெகண்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். நேரத்தைத் தின்பது ஆடியோ பஃபர், அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம். 44,100 சாம்பிள் ரேட்டில் 256 பஃபர் என்றால் 5.8 மில்லிசெகண்ட், ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பது போலத்தான், விரலுக்கு உறுத்தாது. 1024 என்றால் 23 மில்லிசெகண்ட், தாளம் தடுமாறும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் சொந்த ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள், வாசித்துப் பதிவு செய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024 வரை ஏற்றிக்கொள்ளலாம். புளூடூத் ஹெட்போனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நடக்காது.

பஃபர் 128, ஆனாலும் இழுக்கிறது என்றால் எனக்கு உடனே சந்தேகம் மாஸ்டர் டிராக்கின் மேல்தான். பாட்டு கொஞ்சம் தேறியதும் மாஸ்டரில் ஒலி எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டரோ, ஒலியின் தன்மையைத் திருத்தும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ போட்டிருப்பீர்கள். அவை வரப்போகிற ஒலியை முன்கூட்டியே பார்த்துத்தான் வேலை செய்யும், அதற்காக ஒலியை நிறுத்திவைக்கும். மற்ற டிராக்குகள் எல்லாம் அதோடு சேர்ந்து காத்திருக்கும்படி மென்பொருள் ஈடுகட்டிவிடுவதால் பாட்டு ஓடும்போது எதுவும் தெரியாது, நீங்கள் புதிதாக வாசிக்கும்போதுதான் தெரியும். ரீப்பரில் எஃபெக்ட்ஸ் ஜன்னலின் கீழ்மூலையில் சிபியு சதவீதத்தின் பக்கத்தில் சாம்பிள் கணக்கு ஒன்று நிற்கும். அதில் 4096 என்று இருந்தால் 93 மில்லிசெகண்ட் அங்கே போகிறது. பதிவு முடியும் வரை அந்த பிளகினை ஆஃப்லைன் ஆக்கி வையுங்கள்.

படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் பஃபரை ஒரு படி ஏற்றுங்கள், லேப்டாப்பை சார்ஜரில் போட்டு பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள். சிபியு 20 சதவீதம்கூட இல்லாமல் பொரிகிறது என்றால் ஏதோ ஒரு டிரைவர் நேரத்தைப் பிடித்து வைக்கிறது, லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எது என்று பெயரோடு காட்டும்.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. நாதஸ்வரம், வீணை, குழல் என்று வாசிக்கிறவர்கள் கமகத்தைச் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில்தான் எடுக்கிறார்கள். சக்கரம் அனுப்புவது 0 முதல் 16383 வரை ஒரு எண், நடுவில் 8192. எத்தனை சுரஸ்தானம் வளைய வேண்டும் என்பது அந்த எண்ணில் கிடையாது. வாங்குகிற பிளகின்தான் முடிவு செய்யும். பலவற்றில் இயல்பு அளவு மேலும் கீழும் 2 செமிடோன். உங்கள் குழல் பிளகினில் 2 இருக்கும்போது ஆசையாக ஒரு தோடி வாசித்துப் பதிவு செய்கிறீர்கள், மறுநாள் வேறு குழல் லைப்ரரியை அதே டிராக்கில் போட்டால் அதில் 12 இருக்கிறது. ஒவ்வொரு அசைவும் 6 மடங்காகி, காந்தாரம் எங்கேயோ போய் நிற்கும். பதிவு கெட்டுவிட்டது என்று திரும்ப வாசிக்க வேண்டாம். புது பிளகினுக்குள் பெண்ட் ரேஞ்ச் என்ற இடத்தைத் தேடி 2 என்று வையுங்கள், அதே தோடி திரும்ப வரும். ஒவ்வொரு டிராக்கின் பெயரிலும் பெண்ட் அளவையும் சேர்த்து எழுதிவைப்பது என் பழக்கம்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. மிடி துண்டை வெட்டி ஒட்டும்போது வளைவின் நடுவில் வெட்டிவிட்டால், சக்கரம் 8192-க்குத் திரும்பிய செய்தி வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விடும். அதற்குப் பிறகு வருகிற எல்லா நோட்டும் கால் சுருதி ஏறியோ இறங்கியோ ஒலிக்கும். சுருதி திருத்தும் ஆட்டோடியூனைத் தேடாமல் மிடி எடிட்டரின் அடியில் பிட்ச் வரிசையைத் திறந்து, துண்டின் தொடக்கத்தில் நடுப்புள்ளி ஒன்றை வைத்துவிடுங்கள். பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதற்கும் பொது என்பதால், ஒரே டிராக்கில் சுருதியையும் குழலையும் சேர்த்து வாசித்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். எம்பிஇ என்ற முறை 2018-ல் ஏற்கப்பட்டது இதற்காகத்தான், அதில் ஒவ்வொரு நோட்டும் தனிச் சேனலில் போகும், தனித்தனியாக வளையும். எம்பிஇ கீபோர்டைச் சாதாரண பிளகினில் வாசித்து, சில நோட்டு மட்டும் கேட்கிறது, சில கேட்கவில்லை என்றால் இப்போது காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: பிளகின் ஒரு சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கீபோர்டில் எம்பிஇ-யை அணையுங்கள், அல்லது எம்பிஇ புரிகிற பிளகினுக்கு மாறுங்கள். மாறினால் பெண்ட் அளவை இரு பக்கமும் ஒன்றாக வையுங்கள், எம்பிஇ-யில் இயல்பு அளவு 48.

கடைசியாக, எதையாவது அப்டேட் செய்வதற்கு முன்பு. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் விண்டோஸையோ மேக் ஓஎஸ்ஸையோ பிளகினையோ புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், கைவசம் இருக்கிற முக்கியமான பாட்டுகளின் வாத்திய டிராக்குகளை ஒவ்வொன்றாக வேவ் கோப்பாக ரெண்டர் செய்து பிராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவையுங்கள், மிடியையும் தனியாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கட்டும், அப்போதுதான் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். கோயில் திருவிழாவுக்குப் பாட்டு செய்து வாங்கிப்போனவர் 2 வருஷம் கழித்து வந்து, “தம்பி, அந்த நாதஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடுங்க” என்பார். அந்த நாதஸ்வர பிளகின் அன்றைக்குத் திறக்காமல் போனாலும் வேவ் கோப்பு இருந்தால் அவர் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும்.